வில்லியனூரிலிருந்து பாரிசுக்கு: தூரம் அளக்கும் முறை

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஏதாவது ஒரு தெருவில் யாராவது ஒருவருக்கு வாரம் ஒருமுறை இந்தச் சந்தேகம் வந்துவிடும். பிரான்சு இங்கேயிருந்து எவ்வளவு தூரம், போக எவ்வளவு நேரம்? கேட்பவர் பெரும்பாலும் போகிறவர் இல்லை, போகிறவரின் பக்கத்து வீட்டுக்காரர். கைப்பேசியில் தட்டினால் 8,000 கிலோமீட்டர் சொச்சம், பத்தரை மணி நேரம் என்று வந்து விழும். அதை நம்பிக் கிளம்பி, பத்தரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவர் எங்கள் தெருவில் ஒருவரும் கிடையாது. பெரியப்பா வீட்டில் மூன்று பேரையும் அத்தை வீட்டில் இரண்டு பேரையும் விமானம் ஏற்றி அனுப்பிய அனுபவத்தில் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். நான் இதுவரை பிரான்சு போனதில்லை. வழி சொல்ல அது ஒரு தடை என்று எங்கள் பக்கம் யாரும் நினைப்பதில்லை.

முதல் வேலை, உருண்டையாக ஒரு பரங்கிக்காய் வாங்குவது. பரங்கியர் ஊருக்கு வழி பார்க்க இதைவிடப் பொருத்தமான காய் இல்லை. காம்பு வடதுருவம். காயின் இடுப்புக்குச் சற்று மேலே, 13 டிகிரியில், சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள், சென்னை. அங்கிருந்து இடப்பக்கமாகக் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளி, இடுப்புக்கும் காம்புக்கும் பாதி தாண்டி, 49 டிகிரியில் இன்னொரு புள்ளி, பாரிஸ். இரண்டுக்கும் நடுவே பூக்கட்டும் நூலை இறுக்கிப் பிடியுங்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் ஓமன், பாரசீக வளைகுடா, ஈராக், சிரியா என்று போகும். நூல் அப்படிப் போகாது. மேலே ஏறி, கராச்சிப் பக்கமாகப் போய், சரிபாதி வழியில் காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொட்டு, அப்புறம்தான் மேற்கே இறங்கும். அந்த நூலின் நீளம் ஏறக்குறைய 8,020 கிலோமீட்டர். சுவர்ப்படத்துக் கோட்டைவிட 200 கிலோமீட்டர் குறைவு. வில்லியனூரிலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் போவதற்கே 150தான் ஆகிறது. காய் வாங்கிய காசு அதிலேயே வந்துவிட்டது. வேலை முடிந்ததும் கூட்டு வைத்துவிடலாம்.

ஆனால் விமானம் நூல் பிடித்துப் போகாது. கீழே இருக்கும் நாடுகளுக்குள் என்ன தகராறோ அதற்குத் தகுந்தபடி வளைந்து போகும். 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியபோது, நம் நூலில் கால்பங்கு தூரத்திலேயே முடிச்சு விழுந்தது. நேர் விமானத்தின் கதையும் இப்படித்தான். 2017 அக்டோபர் கடைசியில் ஜெட் ஏர்வேஸ் சென்னைக்கும் பாரிசுக்கும் நேராக விமானம் விட்டது. 2019 ஏப்ரலில் அந்த நிறுவனமே படுத்துவிட்டது. 2021இல் ஏர் பிரான்ஸ் சென்னைக்கு வந்தது. ஆகவே டிக்கெட் எடுக்கிற அன்றைக்கு நேர் விமானம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

நேராகக் கிடைக்காவிட்டால் வளைகுடா வழி. சென்னை–துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர், துபாய்–பாரிஸ் சுமார் 5,200. கூட்டினால் நேர்வழியைவிட நூறு சொச்சம்தான் கூடுதல். தூரத்தில் ஏமாற்று வேலை இல்லை. நேரம் எங்கே போகிறது என்றால், துபாயில் ஒரு நாற்காலியில். என் பெரியப்பா மகன் ஒருமுறை ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒன்பது மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தான். மிச்சம் பிடித்ததில் பாதியைக் காப்பிக்கே கொடுத்தான்.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலேயே விமான நிலையம் இருக்கிறதே, வில்லியனூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதன் ஓடுபாதை 1,500 மீட்டர். சென்னையில் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். பாரிஸ் போகிற கனத்த விமானம் லாஸ்பேட்டையில் இறங்கினால் திரும்ப ஏறாது. அதற்கும் ஒரு ரேஷன் அட்டை எழுதிக் குடிவைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓடுபாதையை நீட்டலாமென்றால் அதற்கு வேண்டிய நிலம் தமிழக எல்லைக்குள் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஹைதராபாத்துக்கு ஒரு சின்ன விமானம் விட்டார்கள், 2024 மார்ச்சில் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 20 முதல் இன்னொரு நிறுவனம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் விடுகிறது. பெங்களூர் போய் அங்கிருந்து பாரிஸ் பிடிக்கலாம்தான். ஆனால் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் ஏற்ற விடுவார்கள். வில்லியனூரிலிருந்து 15 கிலோவோடு பிரான்சு கிளம்பியவன் இன்னும் பிறக்கவில்லை.

எல்லை என்றதும் ஞாபகம் வருகிறது. வழிகாட்டியில் வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள், தூரம் அளக்க இது வேண்டும். 1783இல் இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சாயில் போட்ட உடன்படிக்கையில், பாண்டிச்சேரியைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தரவேண்டியவை என்று இரண்டு ஊர்ப்பகுதிகளின் பெயர் இருக்கிறது. ஒன்று வில்லியனூர், மற்றது பாகூர். பாரிசிலிருந்து வெர்சாய் இருபது கிலோமீட்டர் இருக்கும். எங்கள் வீட்டில் எவரும் பாரிசை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே நம் ஊர்ப் பெயர்கள் அந்தப் பக்கம் போய்விட்டன, லக்கேஜ் இல்லாமல்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆண்ட காலத்தில், 1954 நவம்பர் 1 வரை, கணக்கு தலைகீழ். பாகூரிலிருந்து கடலூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அது வெளிநாடு. நடுவில் சுங்கச்சாவடி. மாட்டு வண்டியில் புடவை மூட்டை இருந்தால் இறக்கிக் காட்ட வேண்டும். பாரிஸ் 8,000 கிலோமீட்டர், அது உள்நாடு. மதகடிப்பட்டு தாண்டி விழுப்புரத்தில் பெண் எடுத்தவர்கள் எல்லாரும் அந்நிய தேசத்தில் சம்பந்தம் செய்தவர்கள். எங்கள் ஆயா கடலூர்க்காரி. கல்யாணமாகி வந்த நாளைச் சொல்லும்போது, “சாவடியில என் பொட்டியத் தொறந்து பாத்தானுங்க, மஞ்சக் கெழங்கக்கூட எடுத்து மோந்து பாத்தானுங்க” என்பாள். பாரிசுக்குப் போயிருந்தால் மோந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த நிலவரத்தை மாற்றிய வாக்கெடுப்பு வில்லியனூர் கொம்யூனில்தான் நடந்தது. 1954 அக்டோபர் 18, கீழூர். மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்ததில் இந்தியாவோடு சேர 170, வேண்டாமென்று 8. கடலூர் உள்நாடானது. பாரிஸ் உடனே வெளிநாடாகிவிடவில்லை, காகிதம் முடிய இன்னும் எட்டு வருஷம் பிடித்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி எல்லாம் கைமாறியபோது, இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கெடு இருந்தது.

பயண நேரத்தைக் கணக்கிடும்போது இந்த ஆறு மாதத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாக்கள் இரண்டு பேர். மூத்தவர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சொல்தா. காலர் வைத்த சட்டை, பென்ஷன், ‘மிசே’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பது. அவர் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். இளையவர், என் தாத்தா, பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தார். சம்பா நட்டதும் போகலாம் என்றார், களை எடுத்ததும் போகலாம் என்றார், அறுத்துக் களத்தில் போட்டதும் போகலாம் என்றார். களத்தில் போட்டார், கெடு முடிந்துவிட்டது. அந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

விளைவு இது. பெரியப்பா மகன் மெரூன் பாஸ்போர்ட்டை நீட்டுவான், எட்டிப் பார்த்துவிட்டு விடுவார்கள். நான் போவதென்றால் விசா. விண்ணப்பம் பரிசீலிக்க 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள்வரை நீட்டலாம் என்பது அவர்கள் விதி. கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. வங்கிக் கணக்கு, தங்கப்போகும் வீட்டுக் கடிதம், காப்பீடு, திரும்பி வந்துவிடுவேன் என்பதற்கு ஆதாரம். திரும்பி வருவதற்கு நிலப்பத்திரம் காட்டலாம் என்றார்கள். அதே பாகூர் நிலம். ஆக ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பங்காளிகளில் ஒருவனுக்குப் பாரிஸ் பத்தரை மணி நேரம், மற்றவனுக்குப் பத்தரை மணி நேரமும் ஒரு நெல் அறுவடையும்.

சரி, பாஸ்போர்ட் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி பெட்டி. இதற்கு ஒரு கொக்கித் தராசு வேண்டும். குளியலறை எடை மிஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி நின்று, பிறகு உங்களைக் கழிக்கும் முறையும் உண்டு. கிளம்புவதற்கு முந்திய மூன்று நாளில் உங்கள் எடை கூடியிருக்கும் என்பதால் அந்தக் கணக்கு தப்பும். பெட்டிக்கு 23 கிலோ என்றால், உங்கள் துணிமணி அதில் ஆறு கிலோ. மீதி ஊருடையது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தை இங்கே கொஞ்சம் படித்தே ஆகவேண்டும், எனக்கு அதில் மரியாதை வந்துவிட்டது. வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கூடாது. நெய் போச்சு, கோழி ஊறுகாய் போச்சு. ஆனால் மீன்? சுத்தம் செய்ததோ காயவைத்ததோ, ஆளுக்கு 20 கிலோ வரை அல்லது ஒரே ஒரு மீன், இரண்டில் எது கனமோ அது! இந்த வரியை எழுதிய அதிகாரி யாரோ, எங்கள் மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்கு வந்தால் நிற்கவைத்துப் பொன்னாடை போர்த்தலாம். செடிகொடி விஷயத்தில் 2019 டிசம்பரிலிருந்து கெடுபிடி. தாவர நலச் சான்று இல்லாமல் எதுவும் வரக்கூடாது. ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு. அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை. பார்த்தீர்களா, தேங்காய் பழம் அனுமதி! அர்ச்சனைத் தட்டில் வெற்றிலையையும் பூவையும் எடுத்துவிட்டால் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலிலிருந்து நேராகப் பாரிசுக்குப் போகலாம். கறிவேப்பிலை கூடாது. ஒரு கொத்துகூடக் கூடாது. நம் பக்கத்திலும் ஒரு சட்டம் இருக்கிறது. கொப்பரையில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்று 2022இலிருந்து பெட்டியில் வைக்க விடுவதில்லை. ஆகத் தேங்காயாக இருக்கும்வரை ஐரோப்பா வரவேற்கிறது, காய்ந்தால் இந்தியா தடுக்கிறது.

போன வைகாசியில் அத்தை மகனுக்குப் பெட்டி கட்டினோம். தராசு 24.6 காட்டியது. அத்தை ஒரு பேன்ட்டை எடுத்தார், 24.1. இன்னொரு பேன்ட், ஒரு ஸ்வெட்டர், 23.2. “அத்தே, நெத்திலிய ஒரு கை எடுத்தா சரியாயிடும்” என்றேன். அத்தை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இன்னாப்பா பேசுற நீ? துணி அங்க கெடைக்கும்” என்று அவன் பெல்ட்டை உருவினார். 23.0. கருவாடு மூன்று பிளாஸ்டிக் உறை, ஒரு பழைய துண்டு, அதற்கு மேல் நாளிதழ், அதற்கு மேல் பிரவுன் டேப் என்று படுத்திருந்தது. அப்படியும் வீடு முழுக்க மணந்தது. வழியெல்லாம் அதற்குப் பக்கத்தில் கிடந்த பெட்டிகளின் உரிமையாளர்களுக்கு இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

கிளம்பும் நாளில் விமானம் இரவு ஒரு மணிக்கு என்றால், வீட்டைவிட்டுப் பகல் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். வேன் பன்னிரண்டு பேருக்கு. போகிறவன் ஒருவன். விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது பன்னிரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் வருவார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், திருக்காமீசுவரர் கோயில் கோகிலாம்பிகைக்கு ஒரு கற்பூரம், பக்கத்து வீட்டுக்காரம்மா தன் பங்குக்கு வில்லியனூர் மாதா கோயிலில் ஏற்றிய ஒரு மெழுகுவத்தி. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையா, திண்டிவனம் வழியா என்று விவாதம். திண்டிவனம் ரோடு வேகம் என்பார் மாமா. வண்டலூரில் நிற்கும் என்பார் சித்தப்பா. டிரைவர் ஒன்றும் சொல்லாமல் தனக்குப் பிடித்த டீக்கடை இருக்கும் வழியில் போவார். கூகுள் மூன்று மணி நேரம் என்று சொல்வது இந்த டீக்கடையைச் சேர்க்காமல். பஸ்ஸில் போவதென்றால் திண்டிவனம் வழி வண்டி கிளாம்பாக்கத்தோடு இறக்கிவிடும். அங்கிருந்து பெட்டியோடு இன்னொரு பஸ் ஏறுகிற அனுபவத்தை எழுத எனக்கு இடமில்லை.

இனி வானத்தில் நடப்பதற்கு ஒரே ஒரு பத்தி போதும், ஏனென்றால் அங்கே ஒன்றும் நடப்பதில்லை. போகும்போது எதிர்க்காற்று, பத்தரை மணி நேரம் ஆகும். வரும்போது மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் உயரக்காற்று முதுகில் தள்ளும். அரை மணியோ ஒரு மணியோ மிச்சம்.

குழப்பம் கடிகாரத்தில். பாரிஸ் நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் முள்ளைத் திருப்புவார்கள். கோடையில் இங்கே இரவு ஒரு மணிக்கு ஏறியவன் அங்கே காலை எட்டுக்கு இறங்குவான். ஆயா விரல்விட்டு எண்ணி ஏழு மணி நேரம் என்பாள். அங்கே காலை பத்துக்கு ஏறினால் இங்கே இரவு பதினொன்றரை, எண்ணினால் பதின்மூன்றரை. “போறப்ப ஏழு, வர்றப்ப பதிமூணா? இன்னாடா, வர்ற வழி மேடா?” என்றாள். பள்ளம்தான் ஆயா, காற்று தள்ளுகிறது, உண்மையில் வருவதுதான் சீக்கிரம் என்று பரங்கிக்காயை வைத்து விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்பறம் ஏன் வரவே மாட்டேங்கறானுங்க?” என்றாள். இதற்கு இந்த வழிகாட்டியில் பதில் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு. சூயஸ் கால்வாய் 1869இல் திறப்பதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் பாய்க்கப்பலுக்கு ஐந்தாறு மாதம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவு அவ்வளவு பெரிய விஷயமாக இருப்பது அதனால்தான். கால்வாய்க்குப் பின் மார்செய் துறைமுகத்துக்கு நீராவிக் கப்பலில் ஏறக்குறைய ஒரு மாதம். பெரிய தாத்தா புதுச்சேரிக் கடல்பாலத்திலிருந்து படகில் போய்க் கப்பல் ஏறியவர். அந்தப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோய்விட்டது. அவரை வழியனுப்ப எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு பேராம், ரெட்டை மாட்டு வண்டியில்.

பாரிசில் இறங்கிவிட்டால் வந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். விமான நிலையம் ருவாசியில் இருக்கிறது, நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர். நம்மவர்கள் பலர் குடியிருக்கும் சார்செல் அங்கிருந்து பார்த்தால் வழியிலேயே இருக்கும். ஆனால் ரயிலில் போகிறவன் ‘பி’ வண்டி பிடித்து, சார்செலைத் தாண்டி நகரத்துக்குள் வட ரயில் நிலையம் போய், அங்கே ‘டி’ வண்டி மாறி, வந்த திசையிலேயே திரும்ப வரவேண்டும். கரிக்கலாம்பாக்கம் வழி இருக்கும்போது புதுச்சேரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு பாகூர் போனவர்களுக்கு இது புதிதாகப் படாது. அன்றைக்கு ஸ்ட்ரைக் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கற்பூரம்.

வட ரயில் நிலையத்தில் வண்டி மாறும்போது பத்து நிமிஷம் நடந்தால் லா ஷபெல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் அந்தத் தெருக்களில்தான் ஓடும். சாலை நிறையத் தேங்காய் உடைப்பார்கள். கறிவேப்பிலை அந்தக் கடைகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. மிளகாய்த்தூள், முருங்கைக்காய், நெத்திலிக் கருவாடு உட்பட எல்லாம் கிடைக்கிறது. இதை அத்தையிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஆக மொத்தம் நேரக் கணக்கு: பெட்டி கட்ட மூன்று நாள், வழியனுப்புபவர்களைப் பொறுத்து வேனில் நாலு முதல் ஆறு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று, வானத்தில் பத்தரை, துபாய் வழியென்றால் பன்னிரண்டோடு நாற்காலி நேரம், ருவாசியிலிருந்து சார்செல் ஒன்றரை. விசாக்காரர்கள் 15 நாளைத் தனியாகக் கூட்டிக்கொள்ளவும்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கமிருந்து இந்த மாதம் யாராவது கிளம்புவதாக இருந்தால், பெட்டியில் ஒரு கிலோ இடம் இருக்குமா என்று தயவுசெய்து சொல்லியனுப்புங்கள். அத்தை மறுபடியும் நெத்திலி காயவைத்திருக்கிறார்.